வரி வாங்காத ஊரில் வள்ளி திருமணம்

 

கே.ஏ. குணசேகரனை நினைத்துக் கூடியிருக்கிற இந்த அவையில் வரவேண்டிய சிலர் வரவில்லை. ஆர்மோனியம் வாசிக்கிற தோழர் ஒருவரும், மிருதங்கம் அடிக்கிற தோழர் ஒருவரும் நம் அரங்கில் இருக்கிறார்கள். இருவருக்கும் இன்றிரவு நாடகம். ஒருவர் திருப்பத்தூர்ப் பக்கம், மற்றவர் புதுவயலுக்கு அந்தப் பக்கம். "கூட்டத்தை மார்கழியில் வைத்திருக்கக்கூடாதா, அப்போது நாங்கள் சும்மாதானே கிடப்போம்" என்று போனில் சண்டை பிடித்தார்கள். நியாயமான சண்டைதான். சித்திரை, வைகாசி நாடகக் கலைஞர்களுக்கு அறுவடை மாதங்கள். கே.ஏ.ஜி.யைப் பற்றிப் பேச வருகிறவர்கள் கலைஞர்களின் சீசனைக் கணக்கில் எடுக்காமல் தேதி குறித்தோம் என்றால், அது நாம் எங்கே இருந்து யோசிக்கிறோம் என்பதைக் காட்டுகிறது. சரி, அந்தக் குறையையே பேச்சாக மாற்றிக்கொள்கிறோம். இன்று நாங்கள் பேசப்போவது சீசன் நாடகம் பற்றி.

காலையில் காரைக்குடிப் பேருந்து நிலையத்தை ஒட்டிய சுவர்களில் இருந்த நாடக நோட்டீஸ்களை எண்ணினோம். பதினொன்று இருந்தன. மாணவத் தோழர்கள் ஒரு நோட்டீஸை முழுதாகப் படித்துப் பாருங்கள். மேலே அம்மன் படம். அதன் கீழே பெரிய எழுத்தில் 'வள்ளி திருமணம்'. பிறகு ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன், டான்ஸ் என்று ஒவ்வொருவர் படமும், பெயருக்கு முன்னால் அவரவர் ஊரும். ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் வாசிப்பவர்கள். சீன் யாருடையது, மைக் செட் யாருடையது. எல்லாம் முடிந்து கடைசி வரியில், 'இப்படிக்கு, ஊர் பொதுமக்கள்.'

அந்தக் கடைசி வரிக்கு வருவதற்கு முன்னால் நாடகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். நகரத்தில் படிக்கிற நம் பிள்ளைகள் பலருக்கு இது எப்படி நடக்கிறது என்றே தெரியவில்லை.

இதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் பிறந்து 1922இல் புதுச்சேரியில் இறந்தவர். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைப் போலப் பல பாய்ஸ் கம்பெனிகள் அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் போயின. கம்பெனிகள் உடைந்தபோதும் சினிமா வந்தபோதும் நடிகர்கள் தனித்தனி ஆளானார்கள். தனித்தனியாக 'ஸ்பெஷலாக' அழைத்து ஒரு ராத்திரிக்கு ஒன்றுசேர்க்கிற முறை நிலைத்தது. இன்றைக்கும் மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடி என்று ஊருக்கு ஊர் நாடக நடிகர் சங்கம் இருக்கிறது. ஊர்க்காரர்கள் வருகிறார்கள், ஏஜெண்டைப் பார்க்கிறார்கள், ராஜபார்ட் யார், ஸ்திரீபார்ட் யார் என்று தேர்ந்தெடுத்து முன்பணம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

ஒத்திகை கிடையாது. இதை ஒரு முறை நாடகத் துறையில் படிக்கிற மாணவர் ஒருவரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. மணப்பாறையிலிருந்து ஒருவரும் மதுரையிலிருந்து ஒருவரும் இரவு ஒன்பது மணிக்கு மேடைக்குப் பின்னால் முதல்முறையாகச் சந்திக்கிறார்கள். பத்து மணிக்குமேல் பபூன் வருகிறார், டான்ஸ் வருகிறது, நடுராத்திரிக்கு நாடகம் தொடங்குகிறது, விடியும்போது மங்களம். இது எப்படி முடிகிறது என்றால், வள்ளி திருமணம், அரிச்சந்திரா, பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள் இத்தனையும் இவர்கள் எல்லோருடைய தலைக்குள்ளும் இருக்கிறது. கிறிஸ்தவ ஊர் என்றால் ஞானசௌந்தரி. பாட்டு எங்கே வரும், எந்த இடத்தில் யார் விட்டுக் கொடுக்க வேண்டும், தர்க்கம் எவ்வளவு நேரம் நீளலாம், எல்லாம் பொதுச்சொத்து. ஏ.வி. மெய்யப்பன் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ போட்டு 'நாம் இருவர்' எடுத்தார், படம் 1947இல் வந்தது, அடுத்த வருடம் ஸ்டுடியோ கோடம்பாக்கத்துக்குப் போய்விட்டது. நாடகம் எங்கும் போகவில்லை. இந்தப் பொட்டலில்தான் கிடக்கிறது.

பொதுச்சொத்து என்று சொன்னோம். பாட்டும் வசனமும் பொதுச்சொத்துதான். பார்க்கிற தரை பொதுச்சொத்தாக இருக்கிறதா?

எங்கள் ஊரைச் சொல்கிறோம், பெயர் வேண்டாம். இங்கே உட்கார்ந்திருக்கிற பாதிப் பேர் அவரவர் ஊர்ப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம், கதை மாறாது. அம்மன் கோவில் பொட்டலில் வைகாசியில் நாடகம். அதற்கு ஒரு வாரத்துக்கு முன்னால் எங்கள் பெரியப்பா பறையோடு நாலு மூலையிலும் நின்று இந்தத் தேதியில் இந்த நாடகம் என்று சாட்டுவார். தண்டோராவை 2022இல் அரசு நிறுத்தச் சொல்லிவிட்டது, அதுவரைக்கும் நாடகத்தை ஊருக்குத் தெரிவித்த வாய் எங்களுடையது. மேடைக்குக் குழி தோண்டுவதும் பந்தல்கால் தூக்குவதும் எங்கள் ஆட்கள். ராத்திரியில் நாங்கள் உட்காருகிற இடம் வாய்க்கால் கரை. பொட்டலுக்கும் எங்களுக்கும் நடுவில் தண்ணீர் இல்லாத ஒரு வாய்க்கால். சின்ன வயதில் எங்களுக்கு அது ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. கரை மேடாக இருந்ததால் மேடை நன்றாகத் தெரியும். முன்னால் இருந்த பிள்ளைகளைவிட எங்களுக்குத்தான் நல்ல இடம் என்று பெருமைகூடப் பட்டிருக்கிறோம்.

விஷயம் புரிந்தது வரியில்தான். திருவிழாவுக்கும் நாடகத்துக்கும் ஊரில் தலைக்கட்டு வரி போடுவார்கள். கல்யாணம் ஆன ஒவ்வொரு ஆணும் ஒரு புள்ளி. நோட்டில் பெயர் எழுதி, பணம் வாங்கி, ரசீது கொடுப்பார்கள். எங்கள் தெருவுக்கு அந்த நோட்டு வராது. எங்கள் அண்ணன் ஒருவர் திருப்பூரில் வேலைபார்த்துக் கையில் காசோடு வந்த ஒரு வருடம், நேராகப் போய் வரிப்பணத்தை நீட்டினார். பொருளாளர் சிரித்துக்கொண்டே சொன்னார், "உங்களுக்கு என்னப்பா வரி, நீங்க சும்மாப் பார்த்துட்டுப் போங்க." ஏதோ சலுகை தருவதுபோல. அண்ணன் வீட்டுக்கு வந்து அப்பத்தாவிடம் சொன்னதும் அப்பத்தா, "வாங்கிட்டா நீ கணக்குக் கேப்பேல்ல" என்றது. பிற்பாடு சமூகவியல் வகுப்பில் எம்.என். ஸ்ரீனிவாஸ் எழுதிய ஆதிக்க சாதி என்ற கருத்தை இரண்டு வாரம் பாடமாக நடத்தினார்கள். அப்பத்தா ஒரு வரியில் முடித்திருந்தது.

வரி கொடுப்பவர் ஊர். வரி கொடுப்பவருக்குத்தான் எந்த நாடகம் போடுவது, யாரை அழைப்பது, சாமிக்கு எந்தத் தெருவழியே போவது என்று பேச வாய் உண்டு. நாங்கள் விருந்தாளி. சொந்த ஊரில் நிரந்தர விருந்தாளி. 'இப்படிக்கு, ஊர் பொதுமக்கள்' என்பதில் இருக்கிற 'பொது' எங்கள் தெருமுனையில் நின்றுவிடுகிறது.

இது பழைய கணக்கு. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில், அன்றைக்குச் சிவகங்கையும் தேவகோட்டையும் அதற்குள்தான், நாட்டார்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். ஹட்டன் அதைப் பட்டியலாகவே பதிவு செய்து வைத்திருக்கிறார். பொன், வெள்ளி நகை போடக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக்கூடாது. வீட்டில் மண்பாண்டம் மட்டும். பெண்கள் மேல்துணி போடக்கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறிய இடங்களில் குடிசைகள் எரிந்தன, ஆடுமாடுகள் பறிபோயின. மறுவருடம் தடைகள் பதினொன்றாயின. அதில் ஒன்று, கல்யாணத்திலும் மற்ற விசேஷங்களிலும் மேளதாளம் கூடாது என்பது. இன்னொன்று, பிள்ளைகள் படிக்கக்கூடாது என்பது.

இந்தப் பட்டியலை ஒரு நாடகக்காரரின் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். நாங்கள் படித்திருக்கிறோம். ராஜபார்ட் பெட்டியில் என்ன இருக்கிறது? கல் பதித்த நகை, சரிகை வைத்த மேல்சட்டை, காலுக்குப் பட்டு, செருப்பு. ஸ்திரீபார்ட் பெட்டியில் ரவிக்கை, ஒட்டியாணம், பூச்சரம். தெருவில் எங்கள் தாத்தாவுக்குத் தடை செய்த அத்தனையும் மேடையில் வேடமாகத் தொங்கியது. கிரீடம் வைத்த ராஜாவை வாய்க்கால் கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு, அது புராணத்து ராஜாவாக மட்டும் தெரிந்திருக்குமா? சட்டை போட்ட ஒரு மனிதனாகவும் தெரிந்திருக்கும். எங்கள் பகுதியில் நாடகத்தின் மேல் நம் ஜனங்களுக்கு இருந்த தீராத ஆசைக்கு பக்தி மட்டும் காரணம் என்று எங்களால் நம்ப முடியவில்லை.

அடுத்து அரிச்சந்திரா. இந்த நாடகத்தை விட்டுவிட்டுப் போக முடியாது. காந்தி சின்ன வயதில் அரிச்சந்திரன் நாடகம் பார்த்து, எல்லோரும் ஏன் இப்படி உண்மை பேசக்கூடாது என்று தவித்ததைச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்த நாடகத்தைத்தான் நாங்களும் பார்த்தோம். மயான காண்டத்தில் ராஜா வீரபாகுவுக்கு அடிமையாகிறான். வீரபாகு சுடுகாட்டுக்குச் சொந்தக்காரன், புலையன். கால் பணம், முழத்துண்டு வாங்கி எஜமானிடம் கொடுக்க வேண்டும், வாய்க்கரிசி காவல் காக்கிறவனுக்கு. பெற்ற பிள்ளையின் பிணத்தைச் சுமந்துகொண்டு சந்திரமதி வரும்போது அவளிடமே அவன் கூலி கேட்கிறான். பொட்டலில் அப்போது ஒரு பெரிய விம்மல் கேட்கும். ஆண்கள்கூடத் துண்டால் முகம் துடைப்பார்கள். ராஜா இவ்வளவு கீழே விழுந்துவிட்டானே என்று.

எங்கள் தெருவில் ஊர்ப்பிணம் எரிக்கிற வேலை பார்த்த தாத்தா ஒருவர் எங்களோடு கரையில் உட்கார்ந்திருந்தார். நாங்களும் அழுதுகொண்டிருந்தோம். அவர் பீடியைப் பற்றவைத்தபடி, "கோலப் புடிச்சிருக்கான் பாரு, ஒரு பிணம் எரிச்சவன் இப்பிடியாடா புடிப்பான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்தக் கோலைப் பிடிக்கத் தெரியாத ராஜாவுக்காக ஊர் அழுகிறது, முப்பது வருடமாக அதே ஊரின் பிணங்களை எரித்தவர் கரையில் உட்கார்ந்திருக்கிறார். அந்த ஊர்ச் சுடுகாட்டில் அவருக்கு இருந்த கூலி நாடகத்தில் சொன்னதைவிட அதிகம் இல்லை. ராஜாவுக்குத் தண்டனையாக வந்த வேலை அவருக்குப் பிறப்பாக வந்தது. நாடகத்தில் கடைசியில் சாமி வந்து ராஜாவை மீட்டுக்கொண்டு போகிறது. வீரபாகு என்ன ஆனான்? சில மேடைகளில் அவனும் வேடம் கலைத்துத் தேவனாகிவிடுகிறான். நிஜமான வெட்டியான் ஒருவர் அந்தச் சுடுகாட்டில் இருந்ததாகவே கதை ஒப்புக்கொள்வதில்லை.

ஆகவே இந்த நாடகங்களை எரித்துவிடலாமா? நம் அரங்கில் அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு. அவர்களின் கோபத்தை நாங்கள் மதிக்கிறோம். மேடையில் நடப்பதில் பொறுக்க முடியாதது நிறையவே இருக்கிறது. அன்பளிப்புக் கொடுத்தவரின் பெயரைச் சாதிப் பட்டத்தோடு மைக்கில் வாசிப்பது, பபூன் எங்கள் தெருப் பேச்சைக் கேலியாகப் பேசுவது, ஆதிக்க சாதிப் பெருமைப் பாட்டைப் பாடச் சொல்லி வற்புறுத்துவது. குறவன் குறத்தி ஆட்டம் என்ற பெயரில் ஒரு சமூகத்தையே ஆபாசமாக்கி வந்த கூத்துக்கு 2023இல்தான் நீதிமன்றத்தின் வழியாகத் தடை வந்தது. குறவன் சமூகம் பட்டியல் சாதிதான் என்பதை அந்த ஆட்டத்தை ரசித்தவர்கள் யோசித்ததே இல்லை. வள்ளியைக் கும்பிடுகிற அதே பொட்டலில் வள்ளியின் பெண்களை அப்படி ஆடவைத்தார்கள்.

ஆனால் கலைஞர்கள் பக்கம் திரும்பிப் பாருங்கள். கூத்தாடி என்று ஒரு சொல்லால் அத்தனை பேரையும் ஊர் ஒதுக்குகிறது. ராத்திரி முழுக்கத் தெய்வமாக நின்ற பெண், விடிந்தால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார ஆள் யோசிக்கிற பெண். சூசன் சீசர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களின் தொடக்கத்தில் மதுரை வட்டாரத்தில் நாடகக் கலைஞர்களோடு இருந்து, அவர்கள் சுமக்கிற இந்த இழிவைப் பற்றியே ஒரு பெரிய புத்தகம் எழுதினார். 2005இல் வந்தது. "எங்களுக்கு ஏதுங்க சாதி, கலைஞர் சாதிதான்" என்று கலைஞர்கள் சொல்வதை நாமும் கேட்டிருக்கிறோம். பாதி உண்மை. கலப்பு மணம் இவர்களிடம் அதிகம். மேக்கப் அறையில் ஒரே இலையில் சாப்பிடுகிறார்கள். ஆனால் நம் சமூகத்துக் கலைஞர்கள் சிலர் பிறந்த தெருவை மறைத்துப் பக்கத்து டவுன் பெயரை நோட்டீஸில் போட்டுக்கொள்வதும் எங்களுக்குத் தெரியும். சாப்பாடு போடும் வீட்டில் "தம்பி நீங்க என்ன ஆளுக?" என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் தயாராக வைத்திருக்க வேண்டும்.

விசுவநாததாஸ் கதையை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1886இல் சிவகாசியில் மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர். முருகன் வேடத்தில் நின்று வெள்ளைக்காரனுக்கு எதிராகப் பாடிச் சிறைக்குப் போனவர். அவருக்காக மணிக்கணக்கில் காத்திருந்தது கூட்டம். அவரோடு ஜோடியாக நடிக்க மாட்டோம் என்று சாதியைச் சொல்லி மறுத்தவர்களும் இருந்தார்கள் என்பது நாடக உலகில் இன்றும் பேசப்படுவது. 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், வள்ளி திருமணத்தில் மயில்மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் போனது. மயிலில் இருக்கிறவரை முருகன், இறங்கினால் நாவிதன்.

இந்த இடத்தில்தான் கே.ஏ.ஜி. நமக்கு வேண்டும். 1955இல் இளையான்குடிப் பக்கம் மாரந்தையில் பிறந்தவர், சிவகங்கையில் படித்தவர், நம் மண்ணின் ஆள். 'வடு'வைப் படித்தவர்களுக்குத் தெரியும், முஸ்லிம்கள் நிறைந்த இளையான்குடியில் மனிதனாக நடமாடிய சிறுவன், சாதி ஊர்களுக்குள் நுழைந்ததும் எப்படி வேறு ஆளாக நடத்தப்பட்டான் என்று. அவர் பறையையும் நாட்டுப்புறப் பாட்டையும் இழிவு என்று உதறவில்லை. அவற்றையே எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குள் போனார். இன்குலாபின் 'மனுசங்கடா' அவர் குரலில் ஊர் ஊராகப் போனது. தமிழின் முதல் தலித் நாடகம் என்று பேசப்படும் 'பலி ஆடுக'ளை எழுதி, ஒடுக்கப்பட்டவனுக்கும் கீழே ஒரு பெண்ணை இந்தச் சமூகம் வைத்திருக்கிறது என்பதை நம் முகத்துக்கு நேராகச் சொன்னார். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் அவர் வேலை பார்த்த நிகழ்கலைப் பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் பெயர் என்பது எங்களுக்கு எப்போதும் சுவாரசியமான விஷயம். நம் நாடகமும் வேண்டும், இருக்கிற நாடகத்தில் நம் பங்கும் வேண்டும். ஒன்றுக்காக இன்னொன்றை அவர் விடவில்லை.

இதை நாங்கள் ஒரு முறை கைகொண்டு பார்த்தோம். சில வருடங்களுக்கு முன் ஏப்ரல் 14க்குக் காலனியில் நாடகம் போடுவது என்று முடிவு. அங்கேயே சண்டை தொடங்கியது. இளைஞர்கள் அம்பேத்கர் வாழ்க்கையை நாடகமாகப் போட வேண்டும் என்றார்கள். வயசாளிகள் வள்ளி திருமணம்தான் என்றார்கள். "சாமி நாடகத்தப் போட்டா அவங்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?" என்று ஒரு தம்பி கேட்டான். பெரியம்மா ஒருவர், "அறுபது வருசமா எட்டத்துல நின்னு பாத்துட்டேன்டா. ஒரு தடவ முன்னால பாயப் போட்டு உக்காந்து பாத்துட்டுச் சாகுறேன்" என்றார். எங்களில் யாரும் அதற்குமேல் பேசவில்லை. எட்டு மணிக்கு அம்பேத்கர் நாடகம், நம் பிள்ளைகள் நடிப்பது. பிறகு வள்ளி திருமணம். காலனியில் வீட்டுக்கு வீடு வரி போட்டோம். விதவைகள் நடத்தும் வீடுகளையும் புள்ளியாக எழுதினோம். அப்பத்தாவின் பெயர் முதல்முறையாக ஒரு வரி நோட்டில் ஏறியது.

காவல் நிலையத்தில் அனுமதி கேட்டோம். இரவு பத்து மணியோடு மைக்கை அணைத்துவிட வேண்டும் என்றார்கள். ஒலி மாசு விதிகள் 2000இல் வந்தன, பத்திலிருந்து காலை ஆறுவரை ஒலிபெருக்கி கூடாது என்பது உண்மைதான். அதே நிலைய எல்லையில் அதே மாதம் ஊர்ப் பொட்டலில் விடிய விடிய நாடகம் நடந்ததும் உண்மைதான். மூன்று நாள் அலைந்தோம். மனு, வக்கீல், கடைசியில் வாய்மொழியாக ஒரு தலையசைப்பு.

அன்று வந்த ஸ்திரீபார்ட் அம்மாவுக்கு நாங்கள் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கே வந்திருக்கிறோம் என்று மேடைக்குப் பின்னால் மாட்டியிருந்த நீலக்கொடியைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பார். நாரதரோடு தர்க்கம் தொடங்கியது. முருகனைக் கட்டிக்கொள் என்று நாரதர் எடுத்துச் சொல்லச் சொல்ல, வள்ளி கேட்டாள்: குறவர் வீட்டுப் பெண் வேண்டும் என்றால் உங்கள் சாமி ஏன் வேடனாகவும் கிழவனாகவும் வேடம் போட்டு வருகிறார்? தாய் தகப்பனைக் கூட்டிக்கொண்டு, தட்டு எடுத்துக்கொண்டு, எங்கள் வாசல் வழியாக வரக்கூடாதா? எங்கள் வீட்டில் தேனும் தினைமாவும் சாப்பிட்டதை ஊருக்கு நடுவில் நின்று சொல்வாரா? நாரதர் வழக்கமான பதிலோடு வந்தார். விடவில்லை அந்த அம்மா. ஒன்றரை மணி நேரம். முன்வரிசைப் பாயில் பெரியம்மா எழுந்து நின்றுவிட்டார். நாரதராக வந்தவர் கடைசியில் ஆர்மோனியக்காரரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இந்தக் கேள்விக்கு நான் வைகுண்டம் போய்க் கேட்டுத்தான் வரணும்" என்று பாட்டில் இறங்கித் தப்பித்தார். கைலாசம் என்று சொல்லியிருக்க வேண்டும். யாரும் கண்டுகொள்ளவில்லை.

எந்தப் பிரதியிலும் அந்தக் கேள்விகள் இல்லை. ஒத்திகை இல்லாத நாடகம் என்பதால் அவை வர முடிந்தது. முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களுக்காகக் கலைஞர் பேச்சை மாற்றுகிறார். அப்படியென்றால் முன்னால் யார் உட்காருவது என்பதை மாற்றினால் நாடகம் மாறும். எங்கள் அரங்கத்து எழுத்தாளர்கள் எழுதிக் கொடுக்கும் பிரதிக்கு இருக்கும் வலு இதற்குக் குறைவு என்று நாங்கள் சொல்லவில்லை. இந்த வலுவை நாம் பயன்படுத்தாமல் விட்டுவிட்டோம் என்கிறோம். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து பங்குனி சித்திரை சீசன் அப்படியே போனபோது, இந்தக் கலைஞர்கள் நூறுநாள் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போனார்கள். அப்போது அவர்களைத் தேடிப்போன அமைப்புகளில் நாம் இல்லை. அதையும் இந்த மேடையில் ஒப்புக்கொள்கிறோம்.

பங்கு என்ற விஷயத்தில் நம் மாவட்டம் எவ்வளவு விலை கொடுத்திருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1979இல் உஞ்சனையில் ஐந்து பேரைப் பலி கொடுத்தோம். கண்டதேவித் தேரின் வடத்தில் கை வைப்பதற்காக எத்தனை வருடப் போராட்டம், எத்தனை வழக்கு. 2006க்குப் பிறகு நின்றுபோன தேர் 2024 ஜூனில்தான் மறுபடி ஓடியது. தேருக்குப் பத்திரிகைகள் வந்தன, போலீஸ் வந்தது. ஊருக்கு ஊர் நடக்கும் நாடகத்துக்கு யாரும் வருவதில்லை. அதனாலேயே வாய்க்கால் கரை அப்படியே இருக்கிறது.

இப்போது பல ஊர்களில் பொட்டலில் கான்கிரீட் மேடை இருக்கிறது. கலையரங்கம் என்று எழுதி, எந்த சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி நிதி, எவ்வளவு லட்சம் என்று பெயிண்டில் போட்டிருக்கிறார்கள். அரசுப் பணம், எல்லோருடைய பணம். அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பொதுக் கேளிக்கை இடங்களில் சாதியைச் சொல்லித் தடுக்கக்கூடாது என்கிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம் அதைக் குற்றமாகவே எழுதியிருக்கிறது. சட்ட மாணவர்கள் அந்தப் பிரிவுகளை எடுத்துப் படியுங்கள். 'யாரும் தடுக்கவில்லையே, அவர்களாகத்தானே கரையில் உட்காருகிறார்கள்' என்று பதில் வரும். அதற்குத்தான் வரி. வரியை மறுத்தால் அது எழுத்தில் இருக்கும் மறுப்பு.

எங்கள் ஊரில் இந்த வருடம் வைகாசிக் கடைசிச் செவ்வாய் நாடகம். அரிச்சந்திரா. தலைக்கட்டுக்கு 1,000 ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் காலனியிலிருந்து அறுபத்திரண்டு புள்ளிகள் வரிப்பணத்தோடு கோவில் வாசலுக்குப் போகிறோம். அறுபத்திரண்டில் ஒன்பது பேர் பெண்கள். ஆளுக்கு ஒரு மனு, பெயர், தொகை, தேதி எழுதி இரண்டு பிரதி. வாங்கினால் ரசீது, வாங்காவிட்டால் மனுவில் அதே இடத்தில் அதைக் குறித்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகம். வீடியோ எடுக்க இரண்டு மாணவர்கள் வேண்டும். கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.